கோப்பி இலையும் கணினித் திரையும்

நானுஓயாப் புகையிரத நிலையத்தின் மேடையில் நின்று நோக்குபவர் கண்ணுக்கு எட்டிய மலைகளெல்லாம் பெரும்பாலும் தேயிலையாகவே தோன்றும். இம்மலைகள் தோன்றிய நாள்தொட்டே தேயிலையும் இங்கு இருந்தது என்று எண்ணும் மாணவர் என் வகுப்பிலேயே பலர் உளர். வரலாறு கூறுவது வேறு. 1885ஆம் ஆண்டில் இருப்புப்பாதை நானுஓயாவை வந்தடைந்தது. அப்பாதையை வேண்டி அரசாங்கத்திடம் பல்லாண்டு காலம் மன்றாடியவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். பாதை வந்து சேர்ந்த காலத்தில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. சரக்கேற்ற வந்த வண்டிக்கு எதிர்பார்த்த சரக்கு இல்லாமற் போன அவ்விந்தையின் காரணம், இலையின் அடிப்புறத்திலே படிந்த ஒரு சிட்டிகைப் பொடியாகும்.

இப்பழங்கதையை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. எம் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. தாய் கொழுந்து பறிப்பவர். தமையன் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்து, மிச்சம்பிடித்த பணத்தில் வாங்கித் தந்த பழைய கணினி அது. தன் ஒப்படையை அச்சிடுவதற்காகப் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொண்டு நகரத்துக் கடையொன்றுக்குச் சென்றாள். திரும்பி வந்து அதைக் கணினியிற் செருகினாள். மறுநாள் அவளுடைய கோப்புறைகள் ஒன்றையும் காணவில்லை. அவற்றின் பெயரோடு, மூலையிற் சிறு அம்புக்குறி தாங்கிய போலி உருக்கள் மாத்திரமே இருந்தன. திருத்துபவரிடம் கொண்டுபோனாள். “வைரஸ் பிடித்துவிட்டது” என்று கூறி, அவர் கணினியை முற்றாகத் துடைத்து, புதிதாக இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தார். இரண்டாண்டுக் குறிப்புகளும், மறைந்த பாட்டனாரின் ஒரே நிழற்படத்தின் பிரதியும் அத்தோடு போயின.

அவ்வகை நச்சுநிரலைப் பற்றிப் பின்னர் படித்தறிந்தபோது எனக்கு மனம் மிக நொந்தது. அது கோப்புகளை அழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கிறது. மறைப்பை நீக்கியிருந்தால் அனைத்தும் அப்படியே இருந்திருக்கும். வைரஸ் விட்டுவைத்ததை அறியாமை அழித்துவிட்டது. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் பழி சுமந்தவள் அம்மாணவிதான். “கவனமாக இருந்திருக்கவேண்டும்” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அப்பழி நியாயமானதா? தொற்று என்பது எங்கே பிறக்கிறது, எதனாற் பரவுகிறது, அதன் நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல், வீட்டுக் கணினியைக் காப்பது எவ்வாறு என்று பேசுவதிற் பயனில்லை. அவ்விடையைத் தேடுவதற்கு மலையகத்தார் வெகுதூரம் போகவேண்டியதுமில்லை.

இலை கூறும் பாடம்

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்னும் பூஞ்சண வல்லுநர் அதனை ஆராய்ந்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பின்சொல்லின் பொருள் ‘பாழ்படுத்துவது’ என்பதாம்.

பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. துரைமார் அதனைக் கேட்கவில்லை. உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டிருந்தது. நோயினாற் குறைந்த விளைச்சலை ஈடுசெய்ய மேலும் காடு வெட்டினார்கள். மேலும் கோப்பி நட்டார்கள். எழுபதுகளின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ஒரே பயிர் இடைவெளியின்றி நின்றது. சிலர் மண்ணைக் குறை கூறினர். சிலர் மழையைக் குறை கூறினர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தனர்.

1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு வந்து இரண்டாண்டுகள் ஆராய்ந்தார். பொடி என்று எல்லோரும் கண்டது பூஞ்சணத்தின் வித்து. அது காற்றிற் பறந்து இலையில் வீழ்கிறது. ஈரம் பட்டதும் முளைவிடுகிறது. இலை மூச்சுவிடும் நுண்துளைகளினூடே உட்புகுந்து வளர்கிறது என்பதை அவர் ஐயமற நிறுவினார். அன்றியும், காற்றைத் தடுக்க மரவேலியோ வேறு பயிரோ இல்லாமல் மலைக்கு மலை ஒரே செடியை நட்டதுதான் நோய்க்கு இராசபாட்டை அமைத்துக் கொடுத்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். காலம் கடந்திருந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கு வண்டி வந்தது.

முதல் படைத்தவர் தேயிலைக்கு மாறினர். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலை பயிரிட்டு வழிகாட்டியிருந்தார். தமிழகத்திலிருந்து நடந்து வந்து கோப்பி பறித்த தொழிலாளரோ, வரவேண்டிய கூலி வராமலே ஊர் திரும்பினர். திரும்பமுடியாதவர் கிடைத்த கூலிக்குத் தேயிலை நட்டனர். நோய் தன் வழியில் ஏழை செல்வர் பார்த்ததில்லை. ஆனால், விழுந்தபின் எழுந்து நிற்கக் கைம்முதல் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதை அது மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டது.

லாகூரிலிருந்து மணிலா வரை

தன்னைத்தானே பிரதிசெய்துகொள்ளும் பொறி இயலக்கூடியதே என்பதைக் கணித மேதை ஜோன் வொன் நியூமன் நாற்பதுகளின் இறுதியிலேயே கோட்பாடாக விளக்கியிருந்தார். 1971இல் ஐக்கிய அமெரிக்காவின் ஆராய்ச்சி வலையமைப்பிலே ‘கிரீப்பர்’ என்னும் நிரல் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து சென்றது. அது தீங்கற்ற பரிசோதனை. பிரெட் கோஹன் என்னும் ஆய்வு மாணவர் 1983இல் இத்தகைய நிரலை ஆக்கிக் காட்டினார். அதற்கு ‘வைரஸ்’ என்னும் பெயரும் அப்போது அமைந்தது.

வீட்டுக் கணினிகளின் பெருந்தொற்று வரலாற்றில் நம் அயலூர் ஒன்றுக்கு முதலிடம் உண்டு. 1986ஆம் ஆண்டு லாகூர் நகரிலே கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் பாரூக் ஆல்வி என்னும் சகோதரர் ‘பிரெயின்’ என்னும் நிரலை எழுதினர். ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தொற்றிய முதல் வைரஸ் இதுவே என்பர். கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் வாசிக்கும் நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் அது குடியேறியது. அடுத்துச் செருகப்படும் ஒவ்வொரு தட்டிலும் தன் பிரதியைப் பதித்தது. தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி செய்வோரைக் கண்டறியவே எழுதியதாக அச்சகோதரர் கூறினர். அந்நிரலுக்குள் தம் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்களையும் அவர்கள் எழுதிவைத்திருந்தனர். பின்னர் அது ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளிலே தோன்றியது. ஏவியவர் கைக்குள் எந்த வைரஸும் அடங்கி நிற்பதில்லை என்பதை உலகம் அப்போது கண்டது.

இரண்டாண்டு கழித்து, 1988 நவம்பர் 2ஆம் நாள், கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேர்ட் மொறிஸ் விடுத்த நிரல் அன்றைய இணையத்தின் ஏறத்தாழ ஆறாயிரம் கணினிகளைத் திணறவைத்தது. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் அறுபதினாயிரம் கணினிகளே. அவற்றுட் பல ஒரே வகை இயங்குதளத்தின் ஒரே ஓட்டைகளைக் கொண்டிருந்தன. மடுல்சீமைக் கோப்பிக் காடு இங்கே வேறு உருவில் நின்றது.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மணிலா நகரிலிருந்து புறப்பட்ட மின்னஞ்சல் ஒன்று காதற் கடிதம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் அவர் பெயராலேயே மீண்டும் சென்றது. அறிந்தவர் பெயர் தாங்கி வந்தமையாலேயே உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் நம்பித் திறந்தனர். ஒனெல் டி குஸ்மான் என்னும் மாணவர் இதனை எழுதியவர் என்று கருதப்பட்டார். பிலிப்பைன்ஸ் நாட்டில் அப்போது இக்குற்றத்துக்குச் சட்டமே இல்லாதபடியால் வழக்குக் கைவிடப்பட்டது. இரு தசாப்தங்களுக்குப் பின், தானே அதை எழுதியதாகவும், இணையக் கட்டணம் செலுத்த வசதியில்லாமையால் பிறருடைய கடவுச்சொற்களைத் திருடவே எழுதியதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். வறுமை குற்றத்தை நியாயப்படுத்தாது. எனினும், அறிவைப் பெறுவதற்குக் கதவில்லாத இடத்தில் சிலர் சுவரை உடைக்கிறார்கள் என்பதைச் சமுதாய நோக்குடையோர் மறக்கலாகாது.

ஏழை மாணவரின் கைவரிசை இதுவானால், வல்லரசின் கைவரிசை எத்தகையது? 2017 மே 12ஆம் நாள் ‘வன்னாகிரை’ என்னும் கப்ப நிரல் நூற்றைம்பது நாடுகளுக்கு மேற் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்து, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் பொது மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை முன்னரே கண்டறிந்து, யாருக்கும் அறிவியாமல், தன் உளவு வேலைக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. அவ்வாயுதம் திருட்டுப் போய் வெளியே கசிந்தது. விண்டோஸ் இயங்குதளத்துக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தும், இற்றைப்படுத்தாத கணினிகள் இரண்டு மாதத்தின்பின் வீழ்ந்தன.

கொழும்பில் நிகழ்ந்தது

‘இவையெல்லாம் எங்கோ நடப்பவை’ என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 2023 ஓகஸ்ட் 26ஆம் நாள் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பைக் கப்ப நிரல் ஒன்று தாக்கியது. ஏறத்தாழ ஐயாயிரம் அரசாங்க மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்து மடல்கள் மீட்கமுடியாமற் போயின. காரணம் எளியது: அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. அமைப்பு இயங்கிய மின்னஞ்சல் மென்பொருளோ 2013ஆம் ஆண்டின் பதிப்பு. அதனைப் புதுப்பிக்க 2021 முதலே எண்ணியிருந்தும், நிதிப் பற்றாக்குறையினாலும் நிருவாகத் தீர்மானங்களினாலும் தாமதமாயிற்று என்று பொறுப்பான நிறுவனம் கூறியது.

இலங்கையில் கணினி அவசர உதவிக் குழு 2006இல் நிறுவப்பட்டது. கணினிக் குற்றச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. நிறுவனமும் சட்டமும் இருந்தும், பழைய மென்பொருளும் இல்லாத பிரதியும் ஒரு நாட்டின் நினைவில் மூன்று மாதத்தை அழித்துவிட்டன. அரசாங்கமே சறுக்கிய இடத்தில் லயத்து மாணவி ஒருத்தி சறுக்கியதற்காக அவளை எங்ஙனம் கடிவது?

துண்டும் வேவு நிரலும்

இதுவரை கூறியவை அழிக்கும் நிரல்கள். அழிக்காமல், ஓசையின்றி உடனிருந்து, நாம் தட்டும் எழுத்தையும் பேசும் பேச்சையும் படமாகும் முகத்தையும் வேற்றாருக்கு அனுப்பும் நிரல்கள் வேறு வகையின. இவை வேவு நிரல்கள். இவற்றின் கொடுமையை உணர்வதற்கும் மலையக வரலாறு நமக்கு உதவும்.

நம் பாட்டன்மார் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு தாள் இருந்தது. தொழிலாளி ஒருவன்மீது எவ்வளவு கடன் உண்டு, அதைத் தீர்த்தால் அவனை விடுவிக்கத் துரைக்குச் சம்மதமா என்பதைக் கூறும் தாள் அது. கங்காணியின் கையில் அத்துண்டு இருந்தது. தொழிலாளியின் வாழ்வு அத்துண்டில் இருந்தது. பெரும்பாலோருக்கு அதை வாசிக்கத் தெரியாது. தன்னைப் பற்றித் தான் அறியாத எழுத்து ஒன்று தன் போக்குவரவைத் தீர்மானிக்கும் அடிமைத்தனம் 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று வேவு நிரல் நம்மைப் பற்றி எழுதும் ஏடும் நாம் காணாத துண்டே. அதனை வாசிப்பவர் விளம்பர வணிகராகவும் இருக்கலாம், திருடராகவும் இருக்கலாம், அதிகாரத்தில் உள்ளோராகவும் இருக்கலாம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரிற் பிறந்தவர் அருட்தந்தை ஸ்டான் சுவாமி. நம் முன்னோர் பலர் கப்பலேறப் புறப்பட்ட மாவட்டம் அது. ஜார்க்கண்ட் மாநிலத்து ஆதிவாசி மக்களின் நிலவுரிமைக்காக உழைத்த அவரை, பீமா கோரேகான் வழக்கில் 2020 ஒக்டோபர் 8ஆம் நாள் இந்தியத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. அவருடைய கணினியில் இருந்ததாகக் கூறப்பட்ட மடல்களைத் தாம் கண்டதே இல்லை என்று அவர் கைதுக்கு முன்னரே கூறினார். பிணை கிடைக்காமல், 2021 ஜூலை 5ஆம் நாள், தம் 84ஆம் வயதில், காவற் கைதியாகவே மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அவர் இறந்த பின், 2022 டிசம்பரில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்படி அக்கணினியின் பிரதியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்ட்டிங் என்னும் அமெரிக்க நிறுவனம் அறிக்கை தந்தது. 2014 முதல் 2019 வரை அக்கணினி வெளியாரின் ஊடுருவலுக்கு உட்பட்டிருந்தது என்றும், நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் அவர் அறியாமல் அதனுள் வைக்கப்பட்டன என்றும் அது கூறிற்று. அதே வழக்கில் கைதான ரோணா வில்சனின் கணினி பற்றியும் 2021இல் அந்நிறுவனம் இத்தகைய முடிவையே அறிவித்திருந்தது. அறிந்தவர் ஒருவரின் மின்னஞ்சலிலிருந்து வந்த இணைப்பைத் திறந்தபோது வேவு நிரல் புகுந்தது என்பது அதன் கூற்று. புலனாய்வு முகமை இவ்வறிக்கைகளை ஏற்கவில்லை. ஊடுருவியவர் யாரென்று அவ்வறிக்கைகள் பெயர் கூறவுமில்லை. ஆயினும் இவ்வளவு தெளிவு: வீட்டு மேசைமேல் இருக்கும் கணினி, தன் உரிமையாளனுக்கு எதிராகவே சாட்சி கூறும் நிலைக்கு வரக்கூடும். ‘என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்போர் இதனைச் சிந்திக்கவேண்டும். எடுப்பதற்கு ஒன்றும் இல்லாத வீட்டிலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகமுடியும்.

நாம் செய்யத்தக்கன

வரலாறு இவ்வளவு கூறிய பின்னர், வீட்டுக் காவல் பற்றிய அறிவுரைகள் மனப்பாடமாக அன்றிக் காரணத்தோடு விளங்கும்.

முதலாவது, பிரதி. கொழும்பு இழந்ததை நாம் இழக்கலாகாது. முக்கியமான கோப்புகளுக்கு வேறிரண்டு பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்கப்படவேண்டும். இணைத்தபடியே விட்டால் கப்ப நிரல் அதனையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இரண்டாவது, இற்றைப்படுத்தல். இயங்குதளம் திருத்தம் கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளிவைப்பது, ஓட்டையை அறிந்தும் அடைக்காதிருப்பதாகும். விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. நம் வீடுகளிலுள்ள பழைய கணினிகள் பல அடுத்த பதிப்பை ஏற்கமாட்டா. அவற்றுக்கு லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் தக்க வழி. 1991இல் ஒரு மாணவர் தொடங்கி, உலகெங்கும் உள்ளோர் கூடி வளர்த்த பொதுச்சொத்து அது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் இலங்கைக் கணினியாளர் உருவாக்கிய ‘சஹானா’ என்னும் நிவாரண மென்பொருளும் இம்மரபினதே. கட்டற்ற மென்பொருளுக்குத் தொற்றே வராது என்பதில்லை. ஆனால் ஒரே செடி நட்ட மலையில் வேறு பயிரும் நிற்பது எல்லோருக்கும் நல்லது.

மூன்றாவது, திருட்டுப் பிரதியை விலக்கல். விலைகொடுத்து வாங்க இயலாமையாற் பூட்டுடைத்த மென்பொருளை நாடுகிறோம். பூட்டை உடைக்கத் தரப்படும் நிரலுக்குள் வேவு நிரல் பல வேளை ஒளிந்திருக்கிறது. அது இயங்குவதற்காகக் காவல் நிரலை நிறுத்தும்படியும் நம்மையே கேட்கிறார்கள். விண்டோஸுடன் வரும் டிபென்டர் காவல் நிரல், இற்றைப்படுத்தி வைத்திருந்தால், வீட்டுப் பாவனைக்குப் பெரும்பாலும் போதுமானது. ‘உங்கள் கணினியில் நூறு வைரஸ்’ என்று இணையப் பக்கத்தில் திடீரெனத் தோன்றும் அறிவிப்பே பொறி; அதைச் சொடுக்காமல் மூடிவிடவேண்டும்.

நான்காவது, அறிந்தவர் பெயரையும் ஆராய்தல். மணிலாக் கடிதம் நண்பர் பெயரில்தான் வந்தது. எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரிடம் தொலைபேசியிற் கேட்டபின் திறப்பது அவமரியாதையாகாது. அன்றாட வேலைக்கு நிருவாகி உரிமையற்ற சாதாரணக் கணக்கைப் பயன்படுத்தல், ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு, வேலையில்லாத வேளையில் கமராவை மூடிவைத்தல் ஆகியனவும் செலவில்லாக் காவல்களே.

ஐந்தாவது, தொற்று வந்தபின் பதறாமை. இணையத் தொடர்பை உடனே துண்டிக்கவேண்டும். கோப்புகள் மறைந்திருக்கின்றனவா, அழிந்தனவா என்று அறியாமல் கணினியைத் துடைக்க இடங்கொடுக்கலாகாது. வேறொரு நல்ல கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றவேண்டும். அறிந்தவரை அழைத்துக் கேட்பதில் வெட்கம் கூடாது.

இவை ஒவ்வொருவரும் தனியே செய்யத்தக்கவை. ஆயின், கோப்பித் தோட்டத்தில் ஒரு துரை மாத்திரம் தன் செடிகளைப் பேணியதாற் பயன் விளையவில்லை. அடுத்த மலையிலிருந்து காற்று வீசியது. அச்சிடும் கடையும், பாடசாலைக் கணினி அறையும், நூறு வீடுகளின் பென்டிரைவ்களும் ஒரே காற்றுவெளி. ஆகவே காவலும் கூட்டு முயற்சியாகவேண்டும். கணினி அறையுள்ள பாடசாலை ஒவ்வொன்றும் மாதம் ஒருநாள் ஊராருக்குக் கதவு திறக்கலாம். மாணவர் தம் வீட்டுக் கணினிகளைக் கொண்டுவந்து பரிசோதிக்கலாம். கடைக்காரரையும் அழைத்துக் கற்பிக்கலாம். இற்றைப்படுத்த வீட்டில் இணைய வசதியில்லாதவர் அங்கேயே இற்றைப்படுத்தலாம். ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளல் தகும்.

எம் பாடசாலையில் சிறு அளவில் இதனைத் தொடங்கியுள்ளோம். முதல்நாள் வந்த கணினிகள் நான்கு. அவற்றுள் ஒன்று அம்மாணவியுடையது. பாட்டனாரின் படம் திரும்பவில்லை. ஆனால், அடுத்த வீட்டுப் பையனுடைய பென்டிரைவில் அம்புக்குறியோடு தோன்றிய கோப்புறைகளைக் கண்டு, அதைத் துடைக்கப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தியவள் அவளே. மறைப்பை நீக்கி அவனுடைய கோப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடுத்தாள்.